மேட்ச் இல்லாத நேரத்தின் வானொலி: அமெரிக்க ஸ்போர்ட்ஸ் டாக் ரேடியோ ஓர் எளிய அறிமுகம்

வானொலியில் விளையாட்டு என்றதும் நமக்கு நேர்முக வர்ணனைதான் நினைவுக்கு வரும். ஸ்கோர் என்ன, யார் அவுட், இன்னும் எத்தனை பந்து பாக்கி. அமெரிக்காவில் இதைத் தவிர இன்னொரு வகை உண்டு: ஸ்போர்ட்ஸ் டாக் ரேடியோ. பாட்டு கிடையாது, நாடகம் கிடையாது, பொதுச் செய்தியும் அநேகமாகக் கிடையாது. விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை அந்த ஊர் அணிகளைப் பற்றிய பேச்சு மட்டும்தான். ஸ்டுடியோவில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வாதாடுவார்கள், நேயர்கள் போன் செய்து சண்டைக்கு வருவார்கள், நடுநடுவே விளம்பரம். பெரிய நகரம் என்றால் இப்படி ஒரு நிலையமாவது இருக்கும். பாஸ்டன், பிலடெல்பியா போன்ற ஊர்களில் இரண்டு நிலையங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நடக்கின்றன.

நாள் முழுக்க, வருஷம் முழுக்கப் பேசுவதற்கு அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-லில் ஓர் அணிக்கு வழக்கமான சீசனில் 17 ஆட்டங்கள். ஓர் ஆட்டம் சுமார் மூன்று மணி நேரம். ஆக மொத்தம் 51 மணி நேரம். தினமும் 18 மணி நேரம் பேசும் ஒரு நிலையத்துக்கு இது மூன்று நாளுக்குக்கூடப் போதாது. அமெரிக்காவில் மிக அதிகமாகப் பார்க்கப்படும் விளையாட்டுக்கே இந்த நிலை. ஆகவே இந்த நிலையங்கள் விற்பது மேட்சை அல்ல, ஒரு மேட்சுக்கும் அடுத்த மேட்சுக்கும் நடுவே ரசிகன் புழுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

யார் ஆரம்பித்தது?

விளையாட்டைப் பற்றி நேயர்களோடு பேசும் நிகழ்ச்சிகள் 1960-களிலேயே இருந்தன. நியூயார்க்கில் பில் மேஸர் 1964-இல் அப்படி ஒன்றை நடத்தினார். கிளீவ்லாந்தில் பீட் ஃபிராங்க்ளின் என்பவர், போன் செய்தவர்களைத் திட்டித் திட்டியே புகழ் பெற்றார். ஆனால் அவையெல்லாம் ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் வந்துபோகும் நிகழ்ச்சிகள். ஒரு நிலையம் முழுவதையும் விளையாட்டுப் பேச்சுக்கே ஒதுக்குவது பைத்தியக்காரத்தனம் என்றுதான் வானொலித் துறையில் பலரும் நினைத்தார்கள். அந்த நினைப்புக்குக் காரணமும் இருந்தது. 1981-இல் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு நெட்வொர்க் தொடங்கினார்கள், எண்டர்பிரைஸ் ரேடியோ என்று. அந்த வருஷம் முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள்.

நிலைமையை மாற்றியது இசை. 1970-களின் கடைசியில் பாட்டு கேட்பவர்கள் துல்லியமான ஒலிக்காகப் பண்பலைக்கு, அதாவது எஃப்எம்முக்கு, கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். ஏஎம், அதாவது மத்திய அலை, நிலையங்கள் காலியாக நின்றன. ஏஎம்மில் ஒலித்தரம் சுமார்தான். ஆனால் சக்தி வாய்ந்த ஒரு நிலையத்தின் ஒலி இரவில் பல நூறு மைல் தாண்டியும் கேட்கும். பாட்டுக்குத்தான் தரம் வேண்டும். இரண்டு பேர் கத்திச் சண்டை போடுவதற்கு இது தாராளம்.

1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் 1050 ஏஎம் அலைவரிசையில் இருந்த டபிள்யூஹெச்என் என்ற கண்ட்ரி இசை நிலையம் மறைந்து, டபிள்யூஃபேன் பிறந்தது. 24 மணி நேரமும் விளையாட்டு மட்டுமே என்று நடந்து, நிலைத்தும் நின்ற முதல் நிலையம் இதுதான். அதில் முதலில் ஒலித்தது ஒரு பெண்ணின் குரல்: செய்தித் தொகுப்பை வாசித்த சூசின் வால்ட்மன். விளையாட்டு வானொலியில் பெண்களே அரிதாக இருந்த காலம் அது. அவரே பின்னாளில் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் வானொலி வர்ணனையாளராகவும் ஆனார்.

முதல் வருஷம் டபிள்யூஃபேன் தள்ளாடியது. 1988 அக்டோபரில் அது 660 ஏஎம்முக்கு மாறியது. அதற்கு முன் அந்த அலைவரிசையில் இருந்தது டபிள்யூஎன்பிசி. டான் ஐமஸ் என்ற தொகுப்பாளரின் காலை நிகழ்ச்சியும் கூடவே வந்து சேர்ந்தது. ஐமஸ் விளையாட்டுக்காரரே இல்லை. அரசியலும் நையாண்டியும்தான் அவர் சரக்கு. ஆனாலும் விளம்பரப் பணம் அவரால்தான் வந்தது. உலகின் முதல் முழுநேர விளையாட்டு நிலையத்தைக் காப்பாற்றியது விளையாட்டைப் பேசாத ஒருவர் என்பது வேடிக்கைதான்.

அப்புறம் 1989 செப்டம்பரில் பிற்பகல் நேரத்துக்கு இருவரைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். மைக் ஃபிரான்செஸா, கிறிஸ் ருஸ்ஸோ. நிகழ்ச்சியின் பெயர் 'மைக் அண்ட் த மேட் டாக்'. ஃபிரான்செஸா கனமான குரலில், எல்லாம் தெரிந்தவர்போல, நிதானமாகத் தீர்ப்புச் சொல்வார். ருஸ்ஸோ கீச்சுக் குரலில், மூச்சு விடாமல், பெயர்களைத் தப்பும் தவறுமாக உச்சரித்துக்கொண்டு அலறுவார். இருவருக்கும் நிஜத்திலேயே அடிக்கடி ஒத்துப்போகவில்லை. 2008 ஆகஸ்ட் வரை, ஏறக்குறைய 19 வருஷம், இப்படியே ஓடியது. இன்று அமெரிக்கா முழுக்கக் கேட்கும் 'இரண்டு பேர், ஒரு விவாதம்' என்ற அச்சு இவர்கள் போட்டது. தொலைக்காட்சியில் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து கத்தும் விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கும் இதுதான் முன்னோடி என்பேன்.

ஒரு நாள் எப்படி ஓடும்?

எல்லாவற்றையும் தீர்மானிப்பது கார். அமெரிக்கர்கள் வானொலியை அதிகமாகக் கேட்பது வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும். ஆகவே காலை 6 முதல் 10 வரையிலும், பிற்பகல் 2-இலிருந்து 6 அல்லது 7 வரையிலும் உள்ள நேரங்கள்தான் தங்கம். நிலையத்தின் நட்சத்திரங்களை அங்கேதான் வைப்பார்கள். காலை நிகழ்ச்சி கொஞ்சம் கலகலப்பாக இருக்கும். கேலி, பாவனைக் குரல், குடும்பக் கதை எல்லாம் வரும். பிற்பகல் நிகழ்ச்சியில்தான் உண்மையான சண்டை. நடுப்பகல் நேரம் வளர்ந்து வருபவர்களுக்கு. மாலையில் ஆட்டம் இருந்தால் வர்ணனை, முடிந்ததும் நேயர்களின் புலம்பல்.

நள்ளிரவுக்குப் பிறகான நேரத்துக்குத் தனிச் சுவை உண்டு. டாக்சி ஓட்டுநர், காவலாளி, தூக்கம் வராதவர் என்று கேட்பவர்களே வேறு. டபிள்யூஃபேனில் ஸ்டீவ் சோமர்ஸ் என்பவர் தொடக்க காலத்திலிருந்து இரவு நேரத்தில் பேசினார். நிகழ்ச்சியின் முன்னுரையைக் கையால் எழுதி வைத்துக்கொண்டு, மென்மையான குரலில், சொல் விளையாட்டோடு வாசிப்பார். கத்தாமலும் இந்த வேலையைச் செய்யலாம் என்பதற்கு அவர் 2021 வரை அத்தாட்சியாக இருந்தார்.

புதிதாகக் கேட்பவரை எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, 'நேற்று கடைசி நிமிஷத்தில் பயிற்சியாளர் எடுத்த முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். காரணம், கேட்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் காரில் ஏறுகிறார், இன்னொருவர் இறங்குகிறார். இப்போது ஏறியவருக்குத் தலையும் வாலும் புரிய வேண்டுமே.

இதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நேயர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனம் பெரிய நகரங்களில் சில ஆட்களிடம் பேஜர் அளவிலான கருவி ஒன்றைக் கொடுத்து, கூடவே வைத்திருக்கச் சொல்கிறது. ஒலிபரப்பில் காதுக்குத் தெரியாத ஒரு குறியீடு கலந்திருக்கும். அந்த ஆள் எந்த நிலையத்தைக் கேட்டார் என்பதைக் கருவி அதை வைத்துப் பதிந்துகொள்ளும். ஒரு மணி நேரத்தை நான்கு கால்மணிகளாகப் பிரித்து, ஒரு கால்மணிக்குள் மூன்று நிமிஷமாவது (2025-க்கு முன் ஐந்து நிமிஷம்) கேட்டிருந்தால்தான் அந்தக் கால்மணி நிலையத்தின் கணக்கில் ஏறும். 'விளம்பரம் முடிந்ததும் அந்த வீரர் யார் என்று சொல்கிறேன்' என்று தொகுப்பாளர் இழுப்பது வெறும் குறும்பல்ல. உங்களை அடுத்த கால்மணிக்குள் இழுத்து மூன்று நிமிஷம் உட்கார வைக்கும் வேலை அது.

போன் செய்பவர்

இந்த வானொலியின் உயிர் நேயர்தான். போன் நேராகத் தொகுப்பாளரிடம் போகாது. முதலில் ஓர் உதவியாளர் எடுத்து, பெயர், ஊர், என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்பார். சுவாரசியமாக இருந்தால் திரையில் ஒரு வரி ஏறும்: 'டோனி, புரூக்ளின், பயிற்சியாளரை நீக்க வேண்டும்'. அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். நாற்பது நிமிஷம்கூட ஆகலாம். உள்ளே வந்ததும் பலர் சொல்லும் முதல் வாக்கியம், ரொம்ப நாளாகக் கேட்கிறேன், முதல் தடவையாகப் பேசுகிறேன் என்பது. இது கிட்டத்தட்டச் சடங்காகவே ஆகிவிட்டது.

பேச்சு உடனே காற்றில் போவதில்லை. சில விநாடி தாமதமாகப் போகும். யாராவது கெட்ட வார்த்தை சொன்னால் ஒரு பொத்தானை அழுத்தி வெட்டிவிடலாம். இந்தப் பொத்தானுக்குப் பணப் பெறுமானம் உண்டு. காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசப் பேச்சு ஒலிபரப்பானால் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் அபராதம் போடும். 2006-இல் வந்த சட்டம் அதன் உச்சவரம்பை ஒரு மீறலுக்கு 3,25,000 டாலர் என்று உயர்த்தியது.

நல்ல தொகுப்பாளர் யார்? நிறையத் தெரிந்தவர் என்று நினைப்போம். புள்ளிவிவரம் கொட்டுபவரைக் கேட்டுக்கொண்டே காரை ஓட்டினால் தூக்கம்தான் வரும். ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்லி, அதற்கு எதிராகப் போன் வரும்படி ஒரு கதவைத் திறந்து வைப்பவர்தான் நல்லவர். தன் ஊர் அணியையே திட்டவும் அவருக்குத் துணிச்சல் வேண்டும். அணி தோற்ற மறுநாள்தான் போன்கள் நிரம்பி வழியும். வெற்றி நல்லதுதான், ஆனால் 'அருமையாக ஆடினார்கள்' என்று நான்கு மணி நேரம் பேச முடியாது. வருஷக் கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. கோபம் தீர்ந்து சலிப்பு வந்துவிட்டால் ரசிகன் வானொலியை அணைத்துவிடுவான்.

கோபம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்குப் பிலடெல்பியாவின் டபிள்யூஐபி நிலையத்தைப் பார்க்கலாம். அதன் காலை நிகழ்ச்சியை ஆஞ்சலோ கட்டால்டி முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். 1999-இல் அந்த ஊரின் என்எஃப்எல் அணியான ஈகிள்ஸ், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ரிக்கி வில்லியம்ஸை எடுக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பிரசாரம் செய்தார். அன்றைய நகர மேயர் எட் ரெண்டலும் சேர்ந்துகொண்டார். முப்பது ரசிகர்களைப் பேருந்தில் ஏற்றி நியூயார்க்குக்கே அனுப்பினார்கள். ஈகிள்ஸ் அணியோ டிராஃப்டின் இரண்டாவது தேர்வாக டானவன் மெக்நாப்பை எடுத்தது. மேடைக்கு வந்த அந்த இளைஞனைப் பார்த்து முப்பது பேரும் ஊளையிட்டது நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் போனது. அதே மெக்நாப் பின்னர் அணியை ஐந்து முறை லீகின் பாதிப் பிரிவான கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டிக்கும், ஒரு முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கும் கொண்டுபோனார். வானொலியில் உரத்துச் சொல்வதற்கும் சரியாகச் சொல்வதற்கும் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நிலையத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை; அதைப் பற்றியும் பல வருஷம் பேசினார்கள்.

இதே நிலையம்தான் 1993-இல் 'விங் பவுல்' என்ற கோழி இறக்கை தின்னும் போட்டியைத் தொடங்கியது. நம் அணி சூப்பர் பவுலுக்குப் போகப்போவதில்லை, நாமே ஒரு விழா வைத்துக்கொள்வோம் என்ற விரக்திதான் மூலம். ஓட்டல் வரவேற்பறையில் ஆரம்பித்தது, போகப் போகப் பெரிய உள்ளரங்கமே நிரம்பும் கூத்தாகிவிட்டது. 2018-இல் ஈகிள்ஸ் உண்மையிலேயே சூப்பர் பவுலை வென்றது. அந்த வருஷமே விங் பவுலை நிறுத்திவிட்டார்கள். விரக்தி போனபின் விழாவுக்கு என்ன வேலை!

அலபாமாவில் நடந்தது விளையாட்டல்ல. அங்கே கல்லூரிக் கால்பந்துதான் எல்லாம். அலபாமா, ஆபர்ன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களின் ரசிகர்களுக்குள் தீராப் பகை. பால் ஃபைன்பாம் என்ற தொகுப்பாளரின் நிகழ்ச்சிக்கு 2011 ஜனவரியில் 'டேட்வில் ஊரிலிருந்து அல்' என்று ஒருவர் போன் செய்தார். ஆபர்ன் ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடும் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களுக்குத் தான் விஷம் வைத்துவிட்டதாகச் சொன்னார். வாய்ச்சவடால் என்றுதான் முதலில் தோன்றியிருக்கும். மண்ணைச் சோதித்தபோது உண்மை என்று தெரிந்தது. ஆள் கைதானார், 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார். மரங்கள் பிழைக்கவில்லை. தான் செய்த குற்றத்தை ஒருவர் தேடி வந்து சொல்லும் இடமாக ஒரு வானொலி நிகழ்ச்சி இருந்திருக்கிறது. நேயருக்கும் தொகுப்பாளருக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் உருவாகிறது என்பதை யோசித்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

காசு எங்கிருந்து?

விளம்பரத்திலிருந்து. விளையாட்டு நிலையங்களைக் கேட்பவர்களில் 25 முதல் 54 வயது ஆண்கள் அதிகம். கார், காப்பீடு, பீர், வீட்டுக் கூரை பழுதுபார்ப்பு விற்பவர்களுக்கு இவர்கள்தான் வேண்டும். மொத்த நேயர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் இந்தக் கூட்டம் கையில் இருப்பதால் விளம்பரத்துக்கு நல்ல விலை கிடைக்கும். பெரும்பாலும் தொகுப்பாளரே தன் குரலில் விளம்பரத்தைப் பேசுவார். 'நானும் இந்த மெத்தையில்தான் படுக்கிறேன்' என்பார். தினமும் காதில் கேட்கும் ஆள் சொல்வதால் அது எடுபடுகிறது.

அணிகளின் ஆட்டங்களை ஒலிபரப்பும் உரிமையை வாங்குவது இன்னொரு வழி. பாஸ்டனில் ரெட் சாக்ஸ் பேஸ்பால் டபிள்யூஈஈஐயில் வரும்; பேட்ரியட்ஸ் (அமெரிக்கக் கால்பந்து), புரூயின்ஸ் (ஐஸ் ஹாக்கி), செல்டிக்ஸ் (கூடைப்பந்து) மூன்றும் 2009-இல் வந்த 'ஸ்போர்ட்ஸ் ஹப்' நிலையத்தில். உரிமைக்குப் பெரும் தொகை கொடுக்க வேண்டியிருக்கும். ஆட்டத்துக்காக வந்த கூட்டத்தில் கொஞ்சம் பேர் மறுநாள் காலைப் பேச்சுக்கும் தங்குவார்கள் என்ற நம்பிக்கைதான். இதில் ஒரு நெருடலும் உண்டு: அணியின் கூட்டாளியாக இருக்கும் நிலையம் அதே அணியை எவ்வளவு தூரம் திட்ட முடியும்? கூர்ந்து கேட்டால் சில இடங்களில் குரல் தாழ்வது தெரியும்.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுச் சூதாட்டத்துக்குத் தடையாக இருந்த மத்தியச் சட்டத்தை ரத்து செய்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதிக்க, பந்தய நிறுவனங்களின் பணம் இந்த நிலையங்களுக்குள் பாய்ந்தது. இப்போது விளம்பரம் மட்டுமல்ல, நிகழ்ச்சிக்குள்ளேயே 'இன்று எந்த அணிமேல் கட்டலாம்' என்ற பகுதிகள் வந்துவிட்டன. வருமானத்துக்கு நல்லது, காதுக்கு நல்லதில்லை. ஒரு பயிற்சியாளரின் முடிவு சரியா தப்பா என்று வாதாடும் சுவை, எண்களை ஒப்பிக்கும்போது வருவதில்லை. அந்தப் பகுதி வந்தால் ஒலியைக் குறைத்துவிடுவேன்.

உள்ளூரா, நாடு முழுக்கவா?

ஈஎஸ்பிஎன் ரேடியோ 1992 முதல் நாடு முழுவதற்கும் நிகழ்ச்சி தருகிறது. சொந்தமாக ஆள் வைக்க முடியாத சிறிய நிலையங்கள் அதை அப்படியே எடுத்து ஒலிபரப்பும், செலவு மிச்சம். ஆனால் நாடு முழுவதற்கும் பேசும்போது எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரங்களைப் பற்றித்தான் பேச முடியும். பிலடெல்பியாக்காரனுக்கு வேண்டியது தன் அணியின் மூன்றாவது வரிசைத் தடுப்பாட்டக்காரன் ஏன் இப்படிச் சொதப்புகிறான் என்பது. அதை வேறு ஊரிலிருந்து யாரும் தயாரித்து அனுப்ப முடியாது. பாட்டை இணையம் கொடுத்துவிடும், ஸ்கோரைக் கைபேசி கொடுத்துவிடும்; இந்த உள்ளூர்ப் புலம்பலைக் கொடுக்க உள்ளூர் ஆள்தான் வேண்டும். பெரிய வானொலி நிறுவனங்கள் கடனில் தத்தளிக்கும் காலத்திலும் விளையாட்டு நிலையங்கள் தாக்குப்பிடிப்பதற்கு இதையே முக்கியக் காரணமாக நினைக்கிறேன். டபிள்யூஃபேனின் உரிமையாளரான ஆடசி 2024-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. நிலையம் நிற்காமல் பேசிக்கொண்டேதான் இருந்தது.

கேட்டுப் பார்க்க ஆசையா? பெரும்பாலான நிலையங்கள் இணையத்திலும் செயலியிலும் கிடைக்கின்றன. நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்டாகவும் போடுகிறார்கள். நேரடி ஆட்ட வர்ணனை மட்டும் உரிமைச் சிக்கலால் வெளியூரில் அடைபட்டிருக்கலாம். பேச்சுக்கு அந்தத் தொல்லை குறைவு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு அமெரிக்காவில் காலை 6 என்றால் அப்போது இந்தியாவில் பிற்பகல் 3.30. முந்தின நாள் ஞாயிறு யார் கேவலமாகத் தோற்றார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த ஊர் நிலையத்தைப் போடுங்கள். பெயர்கள் ஒன்றும் புரியாது, பரவாயில்லை. போன் செய்பவர்களை மட்டும் கவனியுங்கள். யார் மேல் கோபம் என்பது இரண்டாவது விளம்பர இடைவேளைக்குள் தெரிந்துவிடும்.